படிப்பதைப் பகிர்வது, ஆளுக்கேற்ற நூலைச் சொல்வது: தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

புத்தகத் திருவிழாவில் பை நிறைய வாங்கி வந்த நூல்களில் பல, அடுத்த திருவிழா வரும்வரை பிரிக்கப்படாமலே அலமாரியில் கிடக்கின்றன. வாங்கியவரின் சோம்பல் என்று சொல்லிவிடுவது எளிது. பெரும்பாலும் நடப்பது வேறு: நம்பிக்கையான ஒருவர் “அருமையான புத்தகம், கட்டாயம் படிங்க” என்று சொல்லியிருப்பார். சொன்னவருக்கு அது அருமையாகத்தான் இருந்திருக்கும். வாங்கியவர் இரவுச் சாப்பாடு முடிந்து அரை மணி நேரம் மட்டும் படிக்கிறவர், நூலோ 800 பக்கம். அல்லது அவர் தேடியது வரலாறு, கைக்கு வந்தது வரலாற்றுப் பின்னணியில் ஒரு காதல் கதை.

நூலைப் பற்றித் தெரிந்திருப்பது பரிந்துரையில் பாதி வேலைதான். எதிரே நிற்பவரைப் பற்றித் தெரிந்துகொள்வது மீதிப் பாதி, அதைத்தான் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. சீர்காழியில் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் மூன்று இதையே சொல்கின்றன: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. கீழே சொல்லியிருப்பவை எல்லாம் இந்த மூன்றையும் நம் ஊர்ச் சூழலில் எப்படிச் செய்வது என்பதைப் பற்றியவை.

படிக்கும்போதே எழுதி வைக்கும் சீட்டு

ஒரு ஏ4 தாளை எட்டாக வெட்டுங்கள். ஒரு துண்டு ஏறத்தாழ 7 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரம் இருக்கும். அதுவே பக்க அடையாளச் சீட்டு, அதுவே குறிப்பேடு. படிக்கத் தொடங்கிய தேதி, மனம் நின்ற இடத்தின் பக்க எண், தொய்வு தட்டிய இடத்தின் பக்க எண், ஒவ்வொன்றுக்கும் நாலைந்து சொல். இவ்வளவு போதும். கிணறு வெட்டும் குடும்பம் ஒன்றைப் பற்றிய 240 பக்க நாவலைப் படிக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், சீட்டு இப்படி இருக்கும்:

ஜூன் 3 தொடக்கம்
ப. 14 – வெடி வைக்கும் இடம், நுணுக்கமான விவரம்
ப. 40–62 – சொந்தக்காரர் பெயர்கள் குழப்பம்
ப. 88 – அம்மாவும் மகளும் பேசுவது, இங்கிருந்து வேகம்

இதை ஏன் அப்போதே எழுத வேண்டும்? ஒரு மாதம் கழிந்தால் முடிவும், பொதுவாக ‘பிடித்தது’ அல்லது ‘பிடிக்கவில்லை’ என்ற உணர்வும் மட்டும்தான் நினைவில் தங்கும். இரண்டுமே அடுத்தவருக்குப் பயன்படாது. முடிவைச் சொல்லக் கூடாது, பிடித்தது என்ற சொல்லை வைத்துக்கொண்டு அவரால் எதையும் முடிவு செய்ய முடியாது. பக்க எண்ணோடு இருக்கும் நாலு சொல்தான் பின்னால் கைகொடுக்கும்.

நூலக நூலில் பேனாவோ பென்சிலோ படக் கூடாது, பக்க முனையை மடிக்கவும் கூடாது. சீட்டு இருந்தால் இரண்டுக்கும் தேவை வராது.

கூடவே உங்கள் வேகத்தையும் ஒருமுறை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். போனில் நேரம் பார்த்து 10 பக்கம் படியுங்கள். 18 நிமிடம் ஆனால் 200 பக்க நூலுக்கு 6 மணி நேரம், நாளைக்கு அரை மணி என்றால் 12 நாள். இந்தக் கணக்கு தெரிந்தவர்தான் அடுத்தவரிடம் “உங்களுக்கு இது ரெண்டு வாரம் பிடிக்கும்” என்று உறுதியாகச் சொல்ல முடியும். கட்டுரை நூலுக்கும் நாவலுக்கும் வேகம் மாறும் என்பதால் இரண்டையும் தனித்தனியாக அளப்பது நல்லது.

“இப்ப என்ன படிக்கிறீங்க?” என்று கேட்டால்

நூலின் பெயரை மட்டும் சொல்லி நிறுத்தினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். முழுக் கதையையும் சொன்னால் கேட்பவருக்கு அதைப் படிக்க வேண்டிய தேவையே போய்விடும். மூன்று வாக்கியம் சரியான அளவு: எதைப் பற்றியது, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், எது இழுக்கிறது அல்லது எது தடுக்கிறது.

“கிணறு வெட்டற குடும்பத்தப் பத்தின நாவல்ண்ணா. எரநூத்தி நாப்பது பக்கம், பாதிகூட வரல. நடுவுல சொந்தக்காரங்க பேரு கொழப்புது, ஆனா அம்மாவும் பொண்ணும் பேசற எடம் வந்தப்பறம் கீழ வைக்க மனசு வரல.”

பாதியில் இருக்கும்போது பேசுவதுதான் நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து. முடித்தபின் பேசுபவர் தீர்ப்புச் சொல்கிறார், நடுவில் இருப்பவர் அனுபவத்தைச் சொல்கிறார். கேட்பவருக்கும் “நானும் சேர்ந்து படிக்கட்டுமா” என்று கேட்க இடம் இருக்கும். “முடிச்சிட்டுச் சொல்றேன்” என்று தள்ளிப் போடுகிறவர்கள் பெரும்பாலும் சொல்வதே இல்லை.

கதையில் எவ்வளவு தூரம் வெளியே சொல்லலாம்? முதல் கால்பகுதி. 240 பக்க நாவல் என்றால் 60-ஆம் பக்கம்வரை நடப்பதைச் சொல்லலாம், அதற்குப் பிறகு நடப்பதை மறைமுகமாகக்கூடச் சொல்லக் கூடாது. “கடைசியில ஒரு திருப்பம் இருக்கு பாருங்க” என்பதும் கெடுக்கும் வேலைதான், படிப்பவர் கடைசிவரை அந்தத் திருப்பத்தையே தேடிக்கொண்டிருப்பார். துப்பறியும் கதைக்குப் பின்னட்டையில் இருப்பதைத் தாண்ட வேண்டாம். கட்டுரை, அறிவியல், வேளாண்மை நூல்களுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. அவற்றில் ஒரு செய்தியை முழுதாக எடுத்துச் சொல்லிவிடுங்கள். சொட்டுநீர்ப் பாசனம் பற்றிய நூலில் அடைப்பு நீக்கும் ஒரு முறையை முழுதாகச் சொன்னால்தான், மீதி 150 பக்கம் தனக்குப் பயன்படுமா என்று மாந்தோப்புக்காரர் எடை போட முடியும்.

வாட்ஸ்அப்பில் பகிரும்போது

ஒரு செய்திக்கு ஒரு நூல். மூன்று படங்கள் போதும்: முன்னட்டை, பின்னட்டை, பதிப்பு விவரம் இருக்கும் பக்கம். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பதிப்பகம், பதிப்பாண்டு, பக்கம், விலை எல்லாம் அங்கேதான் இருக்கும், வாங்க நினைப்பவர் அடுத்து கேட்கப் போவதும் அதைத்தான். அதற்குக் கீழே 60 சொல்லுக்குள் ஒரு குறிப்பு. எழுதத் தயங்குகிறவர்கள் ஒரு நிமிடத்துக்குள் குரல் பதிவு அனுப்பட்டும். அதற்கு மேல் நீண்டால் கேட்க மாட்டார்கள்.

குழுவில் நூறு பேர் இருந்தும் பேச்சு நடக்காமல் இருப்பதற்கு முக்கியக் காரணம், காலை வணக்கப் படங்களுக்கு நடுவே நூல் குறிப்பு புதைந்து போவது. வாரத்தில் ஒரு நாளை நூலுக்கு என்று ஒதுக்குங்கள். ஒவ்வொரு குறிப்பின் தொடக்கத்திலும் ‘படிக்கிறேன்’ என்ற ஒரே சொல்லை எல்லோரும் போட்டால், ஆறு மாதம் கழித்தும் அந்தச் சொல்லைத் தேடி எல்லாக் குறிப்புகளையும் எடுத்துவிடலாம். ஓசூரில் ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்கள் குழுவில் இருந்தால் ‘இன்று இரவு 8 மணிக்குப் பேசுவோம்’ என்ற ஏற்பாடு ஒத்து வராது. யாரும் எப்போதும் பதில் போடலாம் என்று 24 மணி நேரம் திறந்து விடுவதே சரி.

நூலின் பிடிஎஃப்பை அனுப்பாதீர்கள். தமிழில் பல நூல்கள் சில நூறு பிரதிகள்தான் அச்சாகின்றன. அந்தச் சில நூறும் விற்காமல் போனால் மறுபதிப்பு வராது. இலவசமாகவும் முறையாகவும் படிக்க வழிகள் உண்டு, அவற்றைப் பின்னால் சொல்கிறோம். ஒரு பத்தியைப் படம் எடுத்துப் போடுவதில் தவறில்லை, அத்தியாயம் அத்தியாயமாகப் போடுவதில்தான் தவறு.

பரிந்துரைக்கும் முன் கேட்க வேண்டியவை

இந்தப் பகுதிதான் இந்த வழிகாட்டியின் உயிர். “எனக்கு ஒரு நல்ல புத்தகம் சொல்லுங்க” என்று ஒருவர் கேட்டால் உடனே பெயர் சொல்லாதீர்கள். முதலில் கேளுங்கள்.

கடைசியாக முழுசாகப் படித்து முடித்தது எது? ‘பிடித்த நூல் எது’ என்று கேட்டால் மரியாதைக்குப் பெரிய பெயர் ஒன்றைச் சொல்வார்கள். முடித்தது எது என்று கேட்டால் உண்மை வரும். அது வார இதழ்த் தொடராக இருக்கலாம், போட்டித் தேர்வு வழிகாட்டியாக இருக்கலாம், பக்தி நூலாக இருக்கலாம். எதுவானாலும் முகத்தில் சிறு சுளிப்புகூடக் காட்டக் கூடாது. காட்டிவிட்டால் அடுத்த கேள்விக்கு அவர் உண்மை பேச மாட்டார்.

பாதியில் விட்டது எது, ஏறத்தாழ எங்கே? முடித்த நூலைவிட விட்ட நூல் நிறையச் சொல்லும். பத்துப் பக்கத்துக்குள் விட்டவருக்கு நடை ஒத்து வரவில்லை. வட்டார வழக்கு, நீண்ட வாக்கியம், சிறிய எழுத்து என்று ஏதாவது ஒன்று தடுத்திருக்கும். நடுவில் விட்டவருக்குப் பெரும்பாலும் நூலின் நீளம் அதிகம், அல்லது இடையில் ஒரு வாரம் வேலை வந்து தொடர்ச்சி அறுந்திருக்கும். கடைசிக்குப் பக்கத்தில் விட்டவர் பெரும்பாலும் முடிவை ஊகித்துவிட்டவர். மூவருக்கும் வெவ்வேறு மருந்து.

எப்போது, எங்கே படிப்பீர்கள்? தருமபுரியிலிருந்து ஓசூருக்கு பஸ்ஸில் போய் வருகிறவருக்கு ஆடும் வண்டியில் படிக்கச் சிறுகதையோ குறுங்கட்டுரையோ சரி. எழுத்தும் பெரிதாக இருக்க வேண்டும். வார நாளெல்லாம் பெங்களூரில் வேலை, ஞாயிறு மட்டும் ஊர் என்றால், தொடர்ச்சி அறுந்தாலும் புரிகிற தனித்தனி அத்தியாய நூல். இரவில் பிள்ளைகள் தூங்கியபின் படிக்கும் அக்காவுக்குக் கனமான கெட்டி அட்டை நூலைக் கொடுத்தால் படுத்துக்கொண்டு பிடிக்கக் கை வலிக்கும். சின்ன விஷயம்தான், ஆனால் நூல் முடிவதும் முடியாததும் இதில்தான் நிற்கிறது.

எந்த மொழி சுலபம்? ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளிப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழ் படித்தவர்கள் நிறைய. உருதுவும் உண்டு. இவர்களுக்குத் தமிழில் வேகம் கொஞ்சம் குறைவாக இருந்தால் கன்னடத்திலிருந்தோ தெலுங்கிலிருந்தோ தமிழுக்கு வந்த மொழிபெயர்ப்பு நல்ல தொடக்கம். பழக்கமும் சடங்கும் சாப்பாடும் தெரிந்தவையாக இருப்பதால் மொழி மட்டும்தான் புதிது. நேரே கன்னடத்திலேயே படிக்க விரும்பினால் அதற்கும் வழி சொல்லுங்கள். தமிழில்தான் படிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதால் ஒரு வாசகரை இழப்போம்.

கண்ணாடி போட்டிருக்கிறாரா, எவ்வளவு செலவழிக்க முடியும், நூலகம் அருகில் இருக்கிறதா என்பதையெல்லாம் கேட்காமலே பேச்சுவாக்கில் தெரிந்துகொள்ளலாம். விலையை மட்டும் நேராகக் கேட்காதீர்கள். “நூலகத்துல இருக்கு, வாங்கணும்னாலும் இவ்வளவு” என்று நீங்களே இரண்டையும் சொல்லிவிடுங்கள்.

எதைச் சொல்வது, எத்தனை சொல்வது

இரண்டு. அதற்கு மேல் வேண்டாம். பத்துப் பெயர் சொன்னால் எதையும் தேட மாட்டார். ஒன்று மட்டும் சொன்னால் அது கிடைக்காதபோது முயற்சியே நின்றுவிடும். ஒன்று அவர் முடித்த நூலுக்குப் பக்கத்தில் இருக்கட்டும், மற்றது ஒரு அடி மட்டும் தள்ளி. வார இதழ்க் குடும்பத் தொடர் படித்தவரை நேரே நவீனக் கவிதைக்குத் தள்ளிவிடாமல், அதே குடும்பச் சூழலை இன்னும் கூர்மையாகச் சொல்லும் 150 பக்கக் குறுநாவலுக்கு அழைத்துப் போவது பலன் தரும்.

புத்தகம் பக்கமே வராதவருக்கு உள்ளூர்ப் பிடி ஒன்று தேவை, அது நம் இரண்டு மாவட்டத்திலும் தாராளமாக இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு 4,200 ஆண்டு பழமையானது என்று 2022-இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. பர்கூர்ப் பக்கத்துக்காரரிடம் இதைச் சொல்லி, தொல்லியல் பற்றிய சிறு நூல் ஒன்றைக் கையில் கொடுத்துப் பாருங்கள். தருமபுரி அருங்காட்சியகத்தில் உள்ள நடுகற்களைப் பார்த்து வந்தவருக்கு நடுகல் பற்றிய நூல். தருமபுரியின் பழைய பெயரான தகடூர் என்றால் அதியமான். அதியமானைப் பாடிய ஔவையாரின் பாடல்கள் புறநானூற்றில் இருக்கின்றன, நல்ல உரையோடு கொடுத்தால் பத்தாம் வகுப்பு மாணவரும் படிப்பார். பென்னாகரம் பக்கம் என்றால் 1925-இல் பாப்பாரப்பட்டியில் மறைந்த சுப்பிரமணிய சிவா. ஓசூர் பக்கம் என்றால் தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த இராஜாஜி. தன் ஊர்ப் பெயர் அச்சில் இருப்பதைப் பார்க்கிற மகிழ்ச்சிக்கு வலிமை அதிகம், முதல் 30 பக்கத்தை அது ஒன்றே தாண்ட வைக்கும்.

சிறுவர்களுக்கு வயதைப் பார்க்காதீர்கள், வாசிப்பு நிலையைப் பாருங்கள். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்க நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் வந்திருப்பதும் இதற்காகத்தான். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு ‘நட’ நூல் ஏற்றதாக இருந்தால் அதையே கொடுங்கள், “இது சின்னப் பசங்களுது” என்று மட்டும் யாரும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த நிலை என்று தெரியாவிட்டால் ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கத்தில் ஐந்து இடத்துக்கு மேல் தடுமாறினால் அது இப்போதைக்குக் கடினம்.

பரிந்துரைச் சீட்டு எழுதுவது

நூலகத்திலோ, பள்ளியிலோ, கடையிலோ நூலோடு சேர்த்து வைக்கும் சீட்டு இது. அஞ்சலட்டை அளவு, 40 முதல் 60 சொல். பெரும்பாலான சீட்டுகள் இப்படி இருக்கின்றன: “மனதை உருக்கும் அற்புதமான படைப்பு. ஒவ்வொருவரும் கட்டாயம் படிக்க வேண்டிய நூல்.” இதை எந்த நூலின் மேலும் ஒட்டலாம் என்பதுதான் சிக்கல். கிணற்று நாவலுக்கு எழுதினால் இப்படி எழுதலாம்:

“பாறையில் கிணறு வெட்டும் குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை. 240 பக்கம், எழுத்து பெரியது. வெடி வைப்பது, மண் அள்ளுவது எல்லாம் நேரில் பார்ப்பதுபோல் இருக்கும். 40 முதல் 62-ஆம் பக்கம்வரை உறவினர் பெயர்கள் நிறைய. தாளில் குறித்துக்கொண்டு தாண்டிவிட்டால் பிறகு வேகம். கிராமத்துப் பேச்சுநடை பிடிக்காதவர்களுக்குக் கடினம். ஒரு மரணம் விரிவாக வருகிறது.”

எங்கே தொய்வு என்பதைச் சொன்னால் யாரும் படிக்க மாட்டார்கள் என்று பயப்பட வேண்டியதில்லை. தொய்வு வரும், இத்தனை பக்கத்தில் முடியும் என்று முன்பே தெரிந்தவர் அதைத் தாண்டிவிடுவார். தெரியாதவர்தான் ‘எனக்குப் படிக்க வராது’ என்று தன்னையே குறை சொல்லி மூடி வைக்கிறார். யாருக்கு ஏற்காது என்ற வரியும் அப்படித்தான். அதை எழுதும்போதுதான் மற்ற வரிகளை நம்புவார்கள். மரணம், வன்முறை போன்றவற்றை ஒரு வரியில் குறிப்பது, வீட்டில் இழப்பு நடந்து ஒரு மாதம்கூட ஆகாதவர் கையில் அந்த நூல் தெரியாமல் போய்ச் சேராமல் இருக்க.

சீட்டின் பின்பக்கம் நூலைத் தேடிப் பிடிக்க வேண்டிய விவரம்: நூல் பெயர், ஆசிரியர், பதிப்பகம், பதிப்பாண்டு, விலை, நூலின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன். 2007 முதல் இந்த எண் 13 இலக்கம், இந்திய நூல்களில் பெரும்பாலும் 978-81 அல்லது 978-93 என்று தொடங்கும். பழைய பதிப்புகளில் 10 இலக்கம் இருக்கும், சிறு பதிப்பக நூல்கள் சிலவற்றில் எண்ணே இருக்காது. பழைய நாவல்களுக்குப் பதிப்பகத்தை எழுதாமல் விட்டுவிடாதீர்கள். ஒரே நாவல் பல பதிப்பகங்களில் கிடைக்கும், அதில் ஒன்று சுருக்கப் பதிப்பாக இருக்கலாம். அது சுருக்கம் என்பது உள்பக்கத்தில் சின்ன எழுத்தில்தான் இருக்கும். மொழிபெயர்ப்பு நூலுக்கு மொழிபெயர்ப்பாளர் பெயர் அவசியம். ஒரே நூலுக்கு இரண்டு மொழிபெயர்ப்பு இருந்தால் ஒன்று ஓடும், ஒன்று நகராது.

நூல் கிடைக்கும் வழிகள்

முதல் வழி பொது நூலகம். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த அமைப்பு இது, நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்தே வசூலாகிறது. உறுப்பினர் அட்டைக்கு முகவரிச் சான்றும் சிறு தொகையும் போதும். கிளை நூலகங்களுக்குப் பொதுவாக வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் சொல்லி அனுப்பும்போது அதையும் சொல்லுங்கள். முதல் முறை போய்ப் பூட்டைப் பார்த்துத் திரும்பியவர் மறுமுறை போவது அபூர்வம். தேடும் நூல் இல்லாவிட்டால் நூலகரிடம் எழுதிக் கொடுங்கள். பெயரை மட்டும் வாயால் சொல்வதற்கும் பதிப்பக விவரத்தோடு தாளில் கொடுப்பதற்கும் பலனில் நிறைய வேறுபாடு உண்டு.

இலவசமாக, முறையாகப் படிக்க: தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், தமிழ் நூல்களை இணையத்தில் தரும், 1998 முதல் நடக்கும் மதுரைத் திட்டம். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு கடந்த நூல்களுக்குக் காப்புரிமை இல்லை. தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கிய நூல்களும் எல்லோருக்கும் பொது. பாரதியார் படைப்புகளின் உரிமையை 1949-இலேயே அரசு வாங்கியது, பின்னர் அவை அப்படிப் பொதுவாயின.

வாங்குவதானால் மாவட்டப் புத்தகத் திருவிழாவில் வழக்கமாக 10 விழுக்காடு தள்ளுபடி கிடைக்கும். பட்டியலோடு போங்கள். ஓசூர் திருவிழாவில் கிடைக்காத பதிப்பகம் தருமபுரியில் கடை போட்டிருக்கலாம்.

மாதம் ஒரு கூடல்

8 முதல் 12 பேர், 90 நிமிடம். ஆறு பேருக்குக் கீழே என்றால் இரண்டு பேர் வராத நாளில் கூடலே நடக்காது. 15-ஐத் தாண்டினால் பாதிப் பேர் வாய் திறக்காமலே வீட்டுக்குப் போவார்கள். கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தோடு சேர்த்து நடத்தினால் இடம் கிடைக்கும். பள்ளி வகுப்பறை, கோயில் மண்டபம், யாராவது வீட்டு மொட்டை மாடி எதுவும் சரிதான், வாடகை கொடுக்கும் இடம் மட்டும் வேண்டாம்.

நேரத்தை உள்ளூர் நடப்பைப் பார்த்து வையுங்கள். மாலை 3 மணிக்குத் தொடங்கி 4.30-க்கு முடித்தால் கிராமத்துக்குத் திரும்பும் பெண்கள் டவுன் பஸ்ஸைப் பிடிக்கலாம். 6 மணிக்கு வைத்தால் அவர்கள் வர மாட்டார்கள், கூடல் ஆண்கள் கூடலாகிவிடும். போச்சம்பள்ளியில் ஞாயிறு சந்தை நாள், அங்கே சனிக்கிழமை வைப்பது நல்லது. மாங்காய் அறுவடைக் காலத்தில் தோட்டக்காரர்கள் வருவதை எதிர்பார்க்காதீர்கள்.

நடத்தும் முறை எளிது. வட்டமாக உட்காருங்கள், மேடையும் மைக்கும் வேண்டாம். ஆளுக்கு 5 நிமிடம்: நூலைக் கையில் பிடித்துக் காட்டி, மூன்று வாக்கியத்தில் அறிமுகம் செய்து, பிடித்த ஒரு பத்தியை வாய்விட்டுப் படிக்க வேண்டும். அரைப் பக்கம் போதும். எவ்வளவு புகழ்ந்தாலும் கிடைக்காத தெளிவு அந்த அரைப் பக்கத்தில் கிடைக்கும், நடை தனக்கு ஒத்து வருமா என்று கேட்பவர் தானே தெரிந்துகொள்வார். 4-ஆவது நிமிடத்தில் ஒரு மணி, 5-இல் இன்னொரு மணி. கடைசி 20 நிமிடம் நூல்களைக் கைமாற்றிப் புரட்டிப் பார்க்க. உண்மையான பரிந்துரை அந்த 20 நிமிடத்தில்தான் நடக்கிறது, அதைப் பேச்சுக்குக் கடன் கொடுத்துவிடாதீர்கள்.

கெட்டுப்போகும் இடங்கள் எல்லா ஊரிலும் ஏறத்தாழ ஒன்றுதான். முழுக் கதையையும் ஒருவர் சொல்வது, அதற்கு மணி. நிறையப் படித்த பெரியவர் ஒருவர் ஒவ்வொரு நூலுக்கும் பின்னுரை சொல்வது. அவரைக் கடைசியில் பேச வைத்து, நடுவில் கருத்துக் கேட்காமல் இருப்பதே மரியாதையான வழி. இந்த மாதம் எதுவும் படிக்காதவர் வெட்கப்பட்டு வராமல் நிற்பது இருப்பதிலேயே மோசம், ஏனென்றால் அப்படி நின்றவர் திரும்புவதில்லை. ‘படிக்காதவரும் வரலாம், கேட்கலாம்’ என்பதை அழைப்பிலேயே எழுதுங்கள். “ஏன் படிக்கல?” என்ற கேள்வியை யாரும் கேட்கக் கூடாது என்பதை முதல் கூடலிலேயே சொல்லிவிடுங்கள்.

எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் மூத்தவர்கள் வந்தால் ஒரு சிறுகதையை முழுதாக வாசித்துக் காட்டுங்கள். 8 பக்கக் கதைக்கு 20 நிமிடம் ஆகும். கதை முடிந்தபின் அவர்கள் சொல்லும் கருத்து பெரும்பாலும் மற்றவர்கள் சொல்வதைவிடக் கூர்மையாக இருக்கும்.

இரவல்

ஒரு நோட்டு, ஐந்து பத்தி: தேதி, நூல், வாங்கியவர், திருப்ப வேண்டிய நாள், திரும்பிய நாள். 21 நாள் தவணை. கொடுக்கும்போதே அட்டை போட்டு, முதல் பக்கத்தில் உங்கள் பெயரையும் எழுதிவிடுங்கள். இரவல் போன நூல் திரும்பாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் மறதிதான்: யாருடைய நூல் என்பதே மறந்துவிடுகிறது. திரும்பி வராவிட்டால் மனம் உடைந்துபோகிற நூலைக் கொடுக்காதீர்கள், இன்னொரு பிரதி வாங்கிக் கொடுங்கள்.

நாள் கடந்தால் “புக்கைத் திருப்பித் தாங்க” என்று கேட்பதைவிட, “அக்கா, எந்தப் பக்கத்துல இருக்கீங்க?” என்று கேளுங்கள். படித்துக்கொண்டிருந்தால் மகிழ்ந்து பேசுவார், படிக்காமல் இருந்தால் அவரே “நாளைக்குக் கொடுத்தனுப்பறேம்மா” என்பார். இருவருக்கும் சங்கடம் இல்லை.

சொன்ன நூல் ஒத்து வராதபோது

மூன்று வாரம் கழித்து ஒரே ஒரு முறை கேளுங்கள். “நல்லா இருந்ததா?” என்று கேட்டால் மரியாதைக்கு “நல்லா இருந்தது” என்பார். “எங்க நிறுத்தினீங்க?” என்று கேட்டால் பக்கம் சொல்வார். 50 பக்கம் படித்தும் இழுக்கவில்லை என்றால் தாராளமாக விட்டுவிடச் சொல்லுங்கள். முடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தில் ஒரு நூலில் மூன்று மாதம் சிக்கிக் கிடந்து படிக்கும் வழக்கத்தையே விட்டவர்கள் பலர். “இன்னும் இருபது பக்கம் போங்க, அப்பறம் பாருங்க” என்று சொல்லும் உரிமை உங்களுக்கு ஒரு நூலுக்கு ஒரு தடவைதான், அதுவும் அந்த இருபது பக்கத்தில் என்ன மாறும் என்று உங்கள் சீட்டில் இருந்தால்.

நிறுத்திய பக்கத்தை வாங்கிய தகவலோடு சேர்த்து நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். இருவர் ஒரே இடத்தில் நிறுத்தியிருந்தால் நூலில் அங்கே மேடு இருக்கிறது, சீட்டில் அதைச் சேர்க்க வேண்டும். ஒருவரே இரண்டு நூலையும் பத்துப் பக்கத்துக்குள் நிறுத்தியிருந்தால் நீங்கள் அவரைச் சரியாகக் கேட்டறியவில்லை. அப்போது மூன்றாவது பெயர் சொல்லாதீர்கள். அவர் விடாமல் படித்து முடித்த ஒன்றை இரவல் கேட்டு வாங்கி வந்து நீங்கள் படியுங்கள், அது பழைய வார இதழ்த் தொடரின் பைண்டாக இருந்தாலும் சரி. எந்த நடையில், எந்தப் பொருளில், எத்தனை பக்க அத்தியாயத்தில் அவர் நின்று படித்தார் என்பது அதில் தெரிந்துவிடும். திருப்பிக் கொடுக்கும்போது அதைப் பற்றி மூன்று வாக்கியம் பேசிவிட்டு, அடுத்த நூலைச் சொல்லலாம்.